மகோகனிச் சீர்க்கட்டில்

கட்டிலைத் தட்டிப் பாக்குற ஆளுகளைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். சின்னமனூர்ல எங்க தாய்மாமா மரப்பட்டறை வச்சிருக்காக. பட்டறைக்கு முன்னாடி இருக்கிற கடையைப் பாத்துக்கிறது நான். வர்றவுகள்ல பாதிப்பேரு செருப்பைக் கழட்டுறதுக்கு முந்தியே கட்டில் காலை விரல் மொளியால டொக்கு டொக்குன்னு தட்டுவாக. தட்டிப்புட்டு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, "இது தேக்கு இல்ல போலருக்கே"ம்பாக. "தேங்கா வாங்கவா வந்தீக, தட்டிப் பாக்குறீக?"ன்னு கேட்டுருவேன். மாமா உள்ள இருந்து, "ஏம்மா, யாவாரத்தைக் கெடுக்காத"ன்னு சத்தம் போடுவாக. அப்படித் தட்டுன ஒரு கையால நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்.

மகோகனி நல்ல மரமான்னு கேட்டா நல்லதும் சொல்லுவேன், கெட்டதும் சொல்லுவேன். பொய் சொல்லி விக்க எனக்கு வராது. நல்லாக் காய வச்சு எடுத்த மகோகனி அடங்கி இருக்கும். மழைக்காலத்துல ஊதிக்கிட்டு, கோடையில சுருங்கிக்கிட்டு, கோணலும் மாணலுமா நம்ம உசுரை வாங்காது. செஞ்ச அளவு செஞ்ச அளவாவே நிக்கும். பாலிசு போட்டா கண்ணாடியாட்டம் ஏத்துக்கும். ஆனா வேலை செய்யிறவனுக்கு அது எமன். மத்த மரத்துல நாரு ஒரே பக்கமாப் படுத்திருக்கும். இதுல ஒரு வரி இந்தப் பக்கம், அடுத்த வரி அந்தப் பக்கம், உள்ளுக்குள்ள பின்னிக் கெடக்கும். இழைப்புளியை அவசரமா ஓட்டுனா சதையைப் பிச்ச மாதிரிப் பிச்சுக்கிட்டு வரும். அப்பறம் அந்தக் குழியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே தோள்பட்டை கழண்டுரும். தூசி இருக்கே, அது மூக்குக்குள்ள போனா நாளெல்லாம் தும்மல், கழுத்தெல்லாம் தடிப்பு.

இப்ப நம்ம பக்கம் வரப்பு ஓரமெல்லாம் மகோகனிதான். நாத்துப் பண்ணைக்காரன் பேச்சைக் கேட்டு நட்டுப்புட்டு, அது கை மொத்தம் ஆனதுமே வெட்டி வண்டியில போட்டுக்கிட்டு வந்து, "கட்டில் போட்டுக் குடுங்க"ன்னு நிக்கிறாக. இளமரம் முழுக்க வெள்ளை. வெள்ளைங்கிறது பட்டையை ஒட்டி இருக்கிற இளசு. அதுல கட்டில் போட்டா பூச்சிக்குப் பந்தி போட்டு இலையை விரிச்ச மாதிரி. உள்ள வைரம் பாய்ஞ்ச பழைய மரம்தான் மரம். அதுவும் அறுத்த புதுசுல வெளிறிப் போயி, ரோஸ் கலர்ல, சீக்குக்காரி கன்னம் மாதிரி இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் சிவக்கும். இந்த ஒரு விசயம் தெரியாமத்தான் என் கல்யாணத்துல ரத்தம் சிந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன். வெந்நி அடுப்புக்குப் பட்டறையில மிஞ்சுன துண்டுகளைக் கொண்டாந்து நான்தான் கோடாலியால பொளப்பேன். தேக்குத் துண்டு ஒரே போடுல ரெண்டாப் போயிரும், நேரா, கோடு போட்ட மாதிரி. மகோகனித் துண்டுல போட்டா பொளக்காது. கோடாலியைக் கவ்விக்கும். துண்டோட சேத்துத் தூக்கித் தரையில அறைஞ்சாலும் விடாது. "சனியனே, விடேன்"ன்னு அதை நான் வையாத நாளு கெடையாது.

எங்கப்பா நான் பள்ளிக்கூடம் போறப்பவே போய்ச் சேந்துட்டாரு. எங்காத்தாவும் நானும் மாமா நிழல்லதான் இருந்தோம். காலேசு முடிச்சதும் பட்டறைக் கணக்கையும் பாலிசு வேலையையும் நான் எடுத்துக்கிட்டேன். மார்க்கையன்கோட்டைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வந்துச்சு. திராட்சைப் பந்தல், வாழை, சொந்தக் கெணறு. எங்காத்தாவுக்கு வாயெல்லாம் பல்லு.

எங்க பக்கம் தாய்மாமன் சீர் இல்லாம ஒரு கல்யாணம் நகராது. கொட்டு மேளத்தோட சீரைக் கொண்டுபோயி மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வரிசையா இறக்கி வைக்கணும். ஊரே வந்து பாக்கும். சும்மா பாக்காது. அண்டாவைக் கவுத்துப் பாக்கும், சேலைக் கரையைத் திருப்பிப் பாக்கும், கட்டிலைத் தூக்கிப் பாக்கும். நாலு பேரு தூக்கியும் கட்டில் அசையலைன்னா தாய்மாமன் பெரிய ஆளு. லேசா எந்திரிச்சுட்டா அவ்வளவுதான், பொண்ணு வீட்டு மானம் கப்பலேறிரும்.

எங்காத்தா மாமாகிட்டத் தலைபாடா அடிச்சுக்கிட்டா. "ஏலே தம்பி, எல்லாரும் மாதிரித் தேக்குல போட்டுத் தொலைடா." மாமா கேக்கல. தேவாரத்துக்கு மேல மலையில ஒரு பழைய எஸ்டேட்ல காத்துக்குச் சாஞ்ச மகோகனியை ஏலத்துல எடுத்து வச்சிருந்தாக. ஒருத்தர் கட்டிப் புடிச்சா கைக்கு அடங்காத மொத்தம், உள்ள பூராவும் வைரம். எனக்குன்னு அதைத் தொடாம வச்சிருந்தாக. "தேக்கு எவன் வேணாலும் குடுப்பான்க்கா. இந்த மரம் இனிமே கெடைக்காது"ன்னாக. எங்காத்தா நம்பல. தம்பி காசை மிச்சம் புடிச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லி அழுதா.

கட்டில் காலு ஒவ்வொண்ணும் கெட்டியானது. தலைமாடு ரெண்டு காலும் பலகையுமா ஒரே சட்டமா நிக்கும். கால்மாடும் அப்படித்தான். நடுவுல நீளச் சட்டம் ரெண்டையும் போல்ட்டுல முடுக்கணும். ஆணின்னு ஒண்ணு கெடையாது. பாலிசு நான் போட்டது. என் கல்யாணக் கட்டிலுக்கு நானே பாலிசு போட்ட கூத்து எங்கயாச்சும் உண்டா?

சீர் இறக்குன அன்னிக்கு மாப்பிள்ளையோட பெரியப்பா முன்னாடி வந்தாக. அந்த வகையறாவுக்கே அவுகதான் பெரியவர், நல்லது கெட்டது எல்லாம் அவுக சொல்றதுதான். வந்து, ஒரு கையால கட்டில் தலைமாட்டைத் தூக்குனாக. தூக்குக்கு வந்துருச்சு. கீழ விட்டுட்டு, காலை மொளியால தட்டுனாக. நகத்தால ஒரு கீறு கீறுனாக. அப்பறம் திரும்பி, கூட்டத்துக்குக் கேக்குற மாதிரி, "என்னய்யா, முருங்கை மரத்துலயா கட்டில் போட்டுருக்கீக?"ன்னாக.

ஒரே சிரிப்பு. மேளக்காரன் வரைக்கும் சிரிச்சான். எங்க மாமா கையில பன்னீர்ச் சொம்பு இருந்துச்சு. அதாலயே வச்சாக பெரியவர் வாயில ஒண்ணு. உதடு கிழிஞ்சு வெள்ளைச் சட்டை பூராவும் ரத்தம். அடுத்த நிமிசம் அங்கன ஒரு சண்டை மூண்டுச்சு பாருங்க. நாற்காலி பறக்குது, பழத்தட்டு பறக்குது, யாரு யாரை அடிக்கிறான்னே தெரியல. அண்டாவுக்குள்ள ஒருத்தன் தலைகுப்புறக் கெடந்தான். எங்காத்தா ஓடிப்போயி அந்தப் பெரியவர் காலைக் கட்டிப் புடிச்சா. "எம் மக வாழ்க்கைய்யா, எம் மக வாழ்க்கை"ன்னு கத்துனா. கால்லயே கெடந்தா. கடைசியில அவுக ரத்தத்தைத் துண்டால ஒத்திக்கிட்டு, "சரி, பொம்பளைக்காக விடுறோம். ஆனா அந்தத் தச்சுப்பய இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னாக. தாலி ஏறுச்சு. எங்காத்தா அதுக்கப்பறம் தம்பியோட சரியாப் பேசவே இல்ல.

கட்டிலைக் கொல்லைப் பக்கத்து ரூம்புல போட்டாக. மேக்கால ஒரு ஜன்னல், சாயங்கால வெயில் நேரா அது மேல விழும். எனக்குப் புருசனா வந்தவன் முதல் மாசம் நல்லாத்தான் இருந்தான். அவன் இவன்னு பேசுறேனேன்னு யாரும் மூஞ்சியைச் சுளிக்க வேணாம். அவனுக்கு இதுவே அதிகம்.

முதல் அடி போன்ல நான் சிரிச்சதுக்கு. பட்டறையில ஏதோ கூத்து நடந்துச்சுன்னு மாமா சொன்னாக, சிரிச்சேன். போன் செவுத்துல போயி மோதுச்சு, அதுக்குப் பின்னாடியே என் தலை. காதுக்குள்ள ங்ஙொய்ன்னு ஒரு சத்தம், மறுநாளு வரைக்கும் நிக்கல. அதுக்கப்பறம் காரணம் தேட வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு. குழம்புக்கு அடிச்சான், கரண்டு போனதுக்கு அடிச்சான், பந்தல்ல மருந்தடிக்க ஆளு வரலைன்னு என்னை அடிச்சான். முடியைப் புடிச்சு இழுத்துத் தரையில முட்டுவான். ஒருதரம் பந்தல் கட்டுற கம்பியால முதுகுல விளாசுனான். மாமியா பாக்காத நேரம் பாத்து வந்து எண்ணெய் தடவிவிட்டாக. "வாய் குடுக்காத ஆத்தா, வாய் குடுக்காத"ன்னாக. அவுகளுக்கும் மகனைக் கண்டா பயம்.

வாய் குடுக்காம இருக்கிறதுக்கு நான் என்ன ஊமையா? குடுத்தேன். அடிக்க அடிக்கக் குடுத்தேன்.

கட்டில் வெயில் பட்டுச் சிவந்துக்கிட்டே வந்துச்சு. அது சிவக்கச் சிவக்க நான் நீலம் பாரிச்சேன். சில நாளு மத்தியானம் அதோட காலுல முதுகைச் சாச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருப்பேன். அந்த வீட்டுல என் பக்கத்து ஆளுன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

முடியாத அன்னைக்கெல்லாம் பஸ் ஏறி ஆத்தா வீட்டுக்கு வந்துருவேன். எங்காத்தா என்னைத் திட்டமாட்டா. சோறு போடுவா, தலை பின்னிவிடுவா, மறுநாளு ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கி மடியில கட்டி, அவளே கூட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வந்துருவா. "அடிக்காத ஆம்பளை எவன்டி இருக்கான்? உங்கப்பன் அடிக்கலையா?"ம்பா. அடிச்சாருதான். சைக்கிள் பம்பால அடிச்சு அவ வலது மணிக்கட்டை ஒடிச்சுட்டாரு. சரியாக் கூடல. இன்னைக்கும் அந்தக் கை கோணலாத்தான் இருக்கு. அந்தக் கையாலதான் எனக்கு வாழைப்பழம் கட்டிக் குடுப்பா. என்னமோ அந்தக் கோணக் கையே ஒரு பெருமை மாதிரி, நான் தாங்கலையா, நீ தாங்கக் கூடாதான்னு கேக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. எனக்கு வர்ற கோவத்துக்கு அந்த வாழைப்பழத்தை மிதிச்சே கூழாக்கியிருப்பேன். ஆனா ஆத்தா அனுப்புனா போகத்தான் செய்யணும். வேற எங்கன போறது? மாமா வீட்டுக்குப் போனா அக்கா தம்பிக்குள்ள வெட்டுக்குத்து ஆகிரும்.

அந்த வருசம் அறுக்கப்போற நேரத்துல மழை அடிச்சுத் திராட்சையெல்லாம் கொத்துக் கொத்தா வெடிச்சுப் போச்சு. வீடு முழுக்கப் புளிச்ச வாடை. அன்னைக்கு மத்தியானம் நான் அந்தக் கட்டிலோட தலைமாட்டுக் காலுல சாஞ்சு தரையில உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன். மாமா போன் பண்ணுனாக. பாலிசுக்கு ஆளு இல்ல, அவசர வேலை, ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போறியான்னாக. வர்றேன் மாமான்னேன். நிமிந்தா வாசல்ல அவன் நிக்கிறான். குடிச்சிருக்கான். பந்தல்ல இருந்து வந்த மேனிக்கு, கையில அருவா.

"எங்க பெரியப்பன் வாயைக் கிழிச்சவன்கிட்ட என்னடி பேச்சு?"

"எங்க மாமாகிட்டப் பேசுனேன்."

"போவியா?"

"போவேன்."

அம்புட்டுத்தான் பேச்சு. அவன் தோளு ஏறுறது தெரிஞ்சுச்சு. நான் எப்படிச் சாஞ்சேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. பக்கவாட்டுல சரிஞ்சுட்டேன், வெங்காயத் தட்டு மேலயே. கழுத்துக்கு மேல காத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்து ஒரு சத்தம், மரத்துல இருந்து. தரை வரைக்கும் அதிர்ந்துச்சு.

திரும்பிப் பாத்தேன். அருவா கட்டில் காலுக்குள்ள எறங்கி நிக்குது. அவன் இழுக்கிறான். வரல. காலை மரத்துல முட்டுக் குடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கிறான். இன்னும் ஒருதரம் வீசத்தான் இழுக்கிறான், அது அவன் கண்ணுல தெரியுது. மரம் விடல. அவன் ஒரே வெறியா இழுத்தான் பாருங்க, மரப்புடி மட்டும் கழண்டு கையோட வந்து, ஆளு பொத்துன்னு மல்லாக்க விழுந்தான். நான் சிரிச்சுட்டேன். சத்தியமாச் சொல்றேன், ஒடம்பெல்லாம் உதறுது, வாய் சிரிக்குது. "சனியனே, விட்டுறாத"ன்னு அந்த மரத்துகிட்டச் சொன்னேன்னு நெனைக்கிறேன்.

அவன் புடியை எறிஞ்சுட்டுக் கைக்கு அகப்பட்டதைத் தேடுனான். நான் பின்வாசல் வழியா ஓடுனேன். மாமியா குறுக்க வந்து கதவை மறிச்சாக. என்னை மறிக்கல, என்னை வெளிய விட்டுட்டு அவனை மறிச்சாக. உள்ள அவுகளுக்கு விழுந்த அடிச் சத்தம் வாழைத்தோப்பு வரைக்கும் கேட்டுச்சு. செருப்பில்லாம ஓடிப்போயி ரோட்டுல பஸ்ஸை மறிச்சேன். கண்டக்டர் டிக்கெட் கேக்கவே இல்ல.

இந்தத் தடவை ஆத்தா அனுப்ப மாட்டான்னு நெனைச்சேன். சொன்னதை எல்லாம் கேட்டா. செருப்பில்லாம ஓடுன காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா. கடைசியில, "நீ சும்மாவே ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவ"ன்னா. எனக்கு அந்த அருவாளை விட அந்தச் சொல்லு ஆழமா எறங்குச்சு. மாமா ஓடிவந்து, "கெளம்பு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்"ன்னாக. எங்காத்தா வாசல்ல குறுக்கப் படுத்துக்கிட்டா. "ஸ்டேஷன் படி ஏறுனா அப்பறம் வாழ்க்கை ஏது? பெரியவரு ஆளு விட்டுருக்காரு, பேசி முடிச்சு விட்டுறலாம்னு. நான் வாக்குக் குடுத்துட்டேன்"ன்னா. நான் அழல. எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. "ஆத்தா, இந்தவாட்டி நீ விட்டுட்டு வந்தா, அடுத்தவாட்டி பொணத்தை வாங்கத்தான் வருவ"ன்னேன். "வாயைக் கழுவு"ன்னா.

அவன் வீட்டு வாசல்லதான் கூடுனாக, அன்னைக்குச் சீர் இறக்குன அதே எடத்துல. சேர் போட்டுப் பெரியவர் நடுவுல. உதட்டுல தழும்பு அப்படியே இருக்கு. அவன் குளிச்சு, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில குனிஞ்சு நிக்கிறான், பூனை மாதிரி. மாமியா ஒரு கண்ணு வீங்கி, உள்ள இருந்தே எட்டிப் பாத்தாக. எங்க மாமாவை வாசப்படி ஏற விடல. சாமான் ஏத்தக் கொண்டாந்த குட்டியானை வண்டிகிட்டயே நின்னாக.

பெரியவர் ஆரம்பிச்சாக. "பயலுக்குப் பயிர் போன ஆத்தாமை. போதையில பயங்காட்ட ஓங்கியிருக்கான், கை தவறி மரத்துல பட்டுருச்சு. நாங்க கண்டிச்சு வைக்கிறோம். பொண்ணை விட்டுட்டுப் போங்க." எங்காத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, "சரிங்கய்யா"ன்னா. மடியில வாழைப்பழம். நான் பாத்துட்டேன், அன்னைக்கும் வாழைப்பழம் கட்டிக்கிட்டு வந்துருக்கா.

"சரி இல்ல"ன்னேன். "பயங்காட்டுனதா வெட்டுனதான்னு எல்லாரும் பாத்துட்டு அப்பறம் பேசுங்க. மாமா, ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வாங்க."

"அவன் படி ஏறக் கூடாது"ன்னாக பெரியவர்.

"அப்ப நானே கழட்டுறேன்"ன்னு மாமா கையில இருந்த ஸ்பேனரைப் புடுங்கிக்கிட்டு உள்ள போனேன். தலைமாட்டுக்கு மேல ஒரு பெட்சீட்டைப் போத்தி மறைச்சு வச்சிருந்தாக. உருவுனேன். அருவா அப்படியே நிக்குது. அந்த வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் இழுத்துப் பாத்திருக்காக போல, சுத்தியலால தட்டுன தடமெல்லாம் இருந்துச்சு. தலைமாட்டுப் பக்கத்துப் போல்ட்டை எல்லாம் கழட்டுனேன். இழுத்தப்ப ஒரு முனையை யாரோ புடிச்ச மாதிரி லேசாச்சு. மாமியா. ஒத்தக் கண்ணால என்னைப் பாக்காமயே புடிச்சு, வாசல் வரைக்கும் தூக்கியாந்து வச்சுட்டு உள்ள போயிட்டாக.

வெயில்ல அது நின்னுச்சு. நல்லாச் சிவந்து, ரத்தச் சந்தனம் மாதிரி ஒரு நெறம். "இது எந்தக் கட்டிலு?"ன்னு கேட்டாக பெரியவர். மனசாரக் கேட்டாக, அடையாளம் தெரியல அவுகளுக்கு. "நீங்க தட்டிப் பாத்த முருங்கைதான்"ன்னேன்.

"அந்த இரும்பைப் புடுங்கி எறிங்கடா மொதல்ல"ன்னு சத்தம் போட்டாக. ஒருத்தன் வந்து இழுத்தான். இன்னொருத்தன் கூடச் சேந்தான். சட்டமே தூக்கிக்கிட்டு வருது, அருவா வரல. வண்டிப் பக்கத்துல இருந்து எங்க மாமா கத்துனாக: "இழுங்கய்யா, நல்லா இழுங்க! தேக்கா இருந்தா பொளந்து போயி அருவா கீழ கெடந்திருக்கும். நீங்களும் கை தவறிருச்சுன்னு சொல்லி மூடியிருப்பீக. அது விடாது. அவன் எம்புட்டு வேகத்துல வெட்டுனானோ அம்புட்டையும் புடிச்சு வச்சிருக்கு."

பேச்சு சலசலன்னு கெளம்புச்சு. எங்காத்தாவுக்கு மானம் போகுது. விறுவிறுன்னு வந்து என் கையைப் புடிச்சா. "சந்தி சிரிக்க வைக்கிறியேடி. நீ எங்கனயோ உக்காந்திருப்ப, அது எங்கனயோ பட்டுருக்கும். எங்கன உக்காந்திருந்த? காட்டு!"

தரையில உக்காந்தேன், அந்தக் காலுக்கு முன்னாடி, அன்னைக்கு உக்காந்த மாதிரியே காலை நீட்டி.

"சாஞ்சு உக்காந்திருந்தேன்னுல்ல சொன்ன? சாஞ்சு காட்டு."

சாஞ்சேன். பின்கழுத்துல, பெடதியில சில்லுன்னு இரும்பு தட்டுச்சு.

"சாய முடியல ஆத்தா. அங்கன அருவா இருக்கு."

எங்காத்தா என் முன்னாடி குத்தவச்சு உக்காந்தா. என் கழுத்தைப் பாத்தா, அருவாளைப் பாத்தா. கையைக் கொண்டுவந்து என் கழுத்துக்கும் அந்த இரும்புக்கும் நடுவுல விட்டுப் பாத்தா. கை நுழையல. அவ்வளவு எடம் இல்ல அங்கன. திடீர்னு அந்த இரும்பை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்க ஆரம்பிச்சா. கோண மணிக்கட்டு இன்னும் முறுக்கிக்குது, முந்தானை அவுந்து வாழைப்பழம் கொட்டிக் கெடக்கு, "வாடி, வாடி"ன்னு அதைப் பாத்து அழுகுறா, இழுக்கிறா.

மாமா படியேறி வந்தாக. யாரும் மறிக்கல. "விடுக்கா, அது வராது"ன்னாக.

எங்காத்தா எந்திரிச்சா. பெரியவரைப் பாத்தா. ஒருகாலத்துல எந்தக் காலைக் கட்டிப் புடிச்சுக் கெடந்தாளோ அந்தக் காலைப் பாத்தா. "பயங்காட்டுனானாய்யா?"ன்னா. அப்பறம் தம்பி பக்கம் திரும்பி, எத்தனையோ நாளைக்கு அப்பறம் வாய் தொறந்து சொன்னா: "ஏலே, உள்ள போயி மிச்ச போல்ட்டையும் கழட்டுடா."

அதுக்கப்பறம் கேசு போட்டோம், உறவை அத்துக்கிட்டோம், அதெல்லாம் தனியாச் சொல்ல வேண்டிய கூத்து. அன்னைக்குக் குட்டியானையில சாமான் ஏத்துனதும் உக்கார எடம் இல்ல. பின்னாடி தலைமாட்டுச் சட்டத்தை ஒட்டி நானும் ஆத்தாவும் நெருக்கி உக்காந்தோம். கூர் பக்கம் பூராவும் மரத்துக்குள்ள இருக்கு, வெளிய நிக்கிறது அருவா முதுகுதான், அது யாரையும் வெட்டாது. எங்காத்தாவுக்கும் அது தெரியும். இருந்தும் சின்னமனூர் வர்ற வரைக்கும், வண்டி ஒவ்வொரு குழியில எறங்குறப்பவும், அந்தக் கோணக் கையை அருவாளைச் சுத்திப் பொத்தி வச்சுக்கிட்டு, "சாஞ்சுக்க, எங்கை மேல சாஞ்சுக்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா.